ஸ்டேஷன் பக்கத்து கிராஃப்ட் பீர் பப்: பலகையைப் படிப்பது எப்படி?

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கிராஃப்ட் பீர் பப் திறக்கிறது என்று வையுங்கள். உள்ளே போனால் நீளமான கவுண்டர், அதன் பின்சுவரில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குழாய்கள், அவற்றுக்கு மேலே ஒரு பெரிய கரும்பலகை. பலகையில் சாக்குக்கட்டியால் ‘பில்ஸ்னர் 4.6’, ‘ஹேஸி ஐ.பி.ஏ 6.5’, ‘கோஸ 4.2’, ‘இம்பீரியல் ஸ்டவுட் 10’ என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருக்கும். பீர் என்றால் ஒரு பாட்டில், ஒரு பெயர், ஒரே சுவை என்று பழகியவருக்கு இதைப் பார்த்ததும் தயக்கம் வருவது இயல்பு. பின்னால் வரிசை வேறு நிற்கும், அடுத்த ரயிலுக்கு நேரமும் ஆகிக்கொண்டிருக்கும். பலரும் அவசரத்தில் ஏதோ ஒன்றைக் காட்டி வாங்கிவிட்டு, ஒரு வாய் குடித்ததும் ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அப்படி முடிவுகட்ட வேண்டியதில்லை. அந்தப் பலகையைப் படிக்கத் தெரிந்தாலே போதும். கிளாஸில் என்ன வரப்போகிறது, எவ்வளவு வீரியம், எந்த ஆலையில் காய்ச்சியது என்று வாங்குவதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் கிராஃப்ட் பீரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது வீண்.

சரி, கிராஃப்ட் பீர் என்பது என்ன? பெரிய மதுபான நிறுவனங்களின் கைக்குள் இல்லாத சிறிய ஆலை, சுவைக்கு முதலிடம் கொடுத்துக் காய்ச்சும் பீர். இதுதான் பொதுவான பொருள். எல்லா நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சட்ட வரையறை கிடையாது. அமெரிக்காவில் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் என்ற ஆலைகளின் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பேரலுக்குள் இருக்க வேண்டும். கிராஃப்ட் ஆலை அல்லாத மதுபான நிறுவனத்திடம் அந்த ஆலையின் 25 சதவீதப் பங்கு இருக்கக் கூடாது. அமெரிக்கப் பேரல் ஒன்று சுமார் 117 லிட்டர் என்பதால், 60 லட்சம் பேரல் என்பது 70 கோடி லிட்டர் ஆகிறது. அதைச் சிறியது என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் நீங்கள் பப்பில் பார்க்கப்போகும் ஆலைகளில் பெரும்பாலானவை அந்த அளவை நெருங்கக்கூட மாட்டாதவை.

இப்படி ஓர் இயக்கம் ஏன் தேவைப்பட்டது என்றால், 1970களில் உலகின் பல பகுதிகளில் பீர் என்றாலே வெளிர் மஞ்சள் நிறத்தில், குளிர்ந்து, சுவை அதிகம் இல்லாத ஒரே வகை லாகர் என்று ஆகிவிட்டிருந்தது. அமெரிக்காவில் அந்தப் பத்தாண்டின் முடிவில் நூறு ஆலைகள்கூட மிஞ்சவில்லை. 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் என்பவர் மூடப்படும் நிலையில் இருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையில் பங்கு வாங்கி அதைக் காப்பாற்றினார். 1976இல் ஜாக் மெக்காலிஃப் கலிபோர்னியாவின் சோனோமாவில் நியூ அல்பியன் என்ற சின்ன ஆலையைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளில் மூடப்பட்டாலும், அதைப் பார்த்துத் தொடங்கியவர்கள் நிற்கவில்லை. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் தன் தேவைக்குப் பீர் காய்ச்சுவதற்கு இருந்த தடையை நீக்கியது. சமையலறையில் காய்ச்சிப் பழகிய பலர் பின்னால் ஆலை முதலாளிகளானார்கள். இன்று அந்த நாட்டில் 9,000க்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. பிரிட்டனில் இது வேறு வழியில் நடந்தது. அங்கே 1971இல் நான்கு நண்பர்கள் ‘காம்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கி, பீப்பாயிலேயே நொதித்து முதிரும் பழைய முறைப் பீரைக் காப்பாற்றப் போராடினார்கள். ஆலை முதலாளிகள் இல்லை, குடிப்பவர்களே நடத்திய போராட்டம் அது.

ரயிலுக்கும் பீருக்கும் உள்ள பழைய உறவு

கிராஃப்ட் பப்புகள் ரயில் நிலையங்களை ஒட்டி வருவதற்கு வெளிப்படையான காரணம் ஆள் நடமாட்டம். வேலை முடிந்து வருபவர்களும் வண்டிக்குக் காத்திருப்பவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். குடித்தவர் வண்டி ஓட்ட வேண்டிய அவசியமும் இல்லை. இதை நான் சாதாரணக் காரணமாக நினைக்கவில்லை. பீர் குடிக்கக் கிளம்புபவர் காரையும் பைக்கையும் வீட்டில் விட்டுவிட்டு வருவதற்கு ஸ்டேஷன் பக்கத்துப் பப்பைவிட வசதியான இடம் இல்லை.

ஆனால் இந்த உறவு இன்று நேற்று வந்ததல்ல. ஜெர்மனியில் ரயிலில் போன முதல் சரக்கே பீர்தான். 1836 ஜூலையில் நூரம்பெர்க்கிலிருந்து ஃபூர்த்துக்கு இரண்டு பீப்பாய்கள் போயின. இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் ட்ரென்ட் என்ற ஊரில் கிணற்று நீரில் சல்ஃபேட் அதிகம். அந்த நீரில் காய்ச்சிய, ஏல் என்ற வகையைச் சேர்ந்த வெளிர்நிறப் பீர் கசப்பில் தனித்துத் தெரிந்தது. 1839இல் அந்த ஊருக்கு ரயில் வந்ததும் அந்தப் பீர் நாடு முழுக்கப் போக ஆரம்பித்தது. லண்டனில் 1868இல் திறக்கப்பட்ட செயின்ட் பான்க்ரஸ் நிலையத்தை அமைத்த பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ, தண்டவாளத்துக்குக் கீழே இருந்த தளத்தைப் பர்ட்டன் பீர் வைக்கும் கிடங்காகவே திட்டமிட்டார். அங்கே தூணுக்கும் தூணுக்கும் இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதைப் பீர் பீப்பாயின் அளவை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். ஒரு மாநகரத்தின் பெரிய ரயில் நிலையத்துக்கே பீப்பாய்தான் அளவுகோலாக இருந்திருக்கிறது. பாரிசுக்குப் போகும் யூரோஸ்டார் பயணிகள் இன்று வரிசையில் நிற்பது அந்தப் பழைய பீர்க் கிடங்கில்தான்.

அட்லாண்டிக்கின் மறுபக்கம், 1870களில் அமெரிக்க ஆலை முதலாளி அடால்ஃபஸ் புஷ் குளிரூட்டிய ரயில் பெட்டிகளில் பீரைத் தூர ஊர்களுக்கு அனுப்பினார். பீர் கெடாமல் நாடு முழுக்கப் போக முடிந்ததும் பெரிய ஆலைகள் வளர்ந்தன, ஊர் ஆலைகள் நசுங்கின. ஊருக்கு ஊர் இருந்த சுவை வித்தியாசம் அழிந்ததில் ரயிலுக்கும் பங்கு உண்டு. இன்று லண்டனின் பர்மண்ட்சி பகுதியில் ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியிலேயே சிறு ஆலைகள் வரிசையாக இயங்குகின்றன. ஷெஃபீல்ட் நிலையத்தின் பழைய சிற்றுண்டி அறை 2009இல் பப்பாக மறுபிறவி எடுத்தது. பாழடைந்து கிடந்த அந்த அறையைச் சீர்செய்தவர்கள் பழைய ஓடுகளையும் மர வேலைப்பாட்டையும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

நான்கு பொருள், நூறு சுவை

பலகைக்குப் போகும் முன் பீர் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், அங்கே இருக்கும் பெயர்கள் தாமாகவே புரிய ஆரம்பிக்கும்.

தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். அடிப்படையில் இவ்வளவுதான். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. அதைப் பொடித்து, சுமார் 65 டிகிரி சூட்டில் இருக்கும் நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், தானியத்தில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் கொடுக்கும்.

நிறம் மால்ட்டிலிருந்து வருகிறது. காப்பிக்கொட்டையைப் போலத்தான், வறுக்க வறுக்கக் கருத்துக்கொண்டே போகும். கருக வறுத்த தானியத்தைச் சேர்த்தால் ஸ்டவுட் கிடைக்கும். கசப்பும் மணமும் பெரும்பாலும் ஹாப்ஸிலிருந்து. ஈஸ்ட்தான் பீரை இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரிக்கிறது. குளிர்ந்த நிலையில், பத்து டிகிரியை ஒட்டி மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட்டில் வருவது லாகர். சற்று வெதுவெதுப்பில், இருபது டிகிரியை ஒட்டிச் சுறுசுறுப்பாக வேலை செய்யும் ஈஸ்ட்டில் வருவது ஏல். லாகர் சுத்தமாக, நேராக இருக்கும். ஏலில் பழவாசனை எட்டிப்பார்க்கும். பலகையில் இருக்கும் எந்தப் பெயரும் ஏறக்குறைய இந்த இரண்டில் ஒன்றின் பிள்ளைதான்.

இதில் என்னை இன்றும் வியக்கவைப்பது ஈஸ்ட்டின் கைவரிசை. ஜெர்மனியின் கோதுமைப் பீரான ஹெஃபவைட்சனை ஒரு கிளாஸ் வாங்கி, குடிக்காமல் முதலில் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வாழைப்பழ வாசனை நன்றாகவே வரும், பின்னாலேயே கிராம்பு. உள்ளே வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. நொதிக்கும்போது அந்த வகை ஈஸ்ட் உண்டாக்கும் சேர்மங்கள்தான் அந்த இரண்டு மணங்களும். பழுத்த வாழைப்பழத்தில் மணத்தைக் கொடுக்கும் அதே ஐசோஅமைல் அசிட்டேட்தான் இந்தப் பீரிலும் இருக்கிறது.

இனி பலகை

பலகையில் ஒவ்வொரு வரியிலும் பொதுவாக நான்கு விவரங்கள் இருக்கும்: ஆலையின் பெயர், பீரின் பெயர், வகை, வீரியம். பீரின் பெயரை விட்டுத்தள்ளுங்கள். ஆலைக்காரர்கள் ஆசையாக வைத்த பெயர் அது, கிளாஸில் என்ன வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வகையையும் வீரியத்தையும் மட்டும் பாருங்கள்.

பில்ஸ்னர் அல்லது லாகர் என்றால் உங்களுக்குப் பழக்கமான குடும்பம்தான். 1842இல் செக் நாட்டின் பில்சன் நகரத்தில் யோசஃப் க்ரோல் என்ற பவேரியர் காய்ச்சிய பொன்னிறப் பீரிலிருந்து கிளைத்தது அது. உலகத்தில் அதிகம் குடிக்கப்படும் மஞ்சள் பீர்கள் எல்லாமே அதன் தூரத்துச் சொந்தம். ஆனால் நல்ல சிறு ஆலையின் பில்ஸ்னரில் ரொட்டி வாசனையும், கடைசியில் நாக்கைச் சுத்தமாகத் துடைத்துவிடும் கசப்பும் இருக்கும். முதல் முறை போகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்: இதிலிருந்து ஆரம்பியுங்கள். பழகிய சுவைக்குப் பக்கத்தில் இருப்பதால் வித்தியாசம் எங்கே என்று உடனே பிடிபடும். தவிர, பில்ஸ்னரில் குறையை மறைக்க இடமே இல்லை. அதைச் சரியாகக் காய்ச்சும் ஆலையின் மற்றப் பீர்களையும் நம்பி வாங்கலாம்.

ஐ.பி.ஏ என்பது இந்தியா பேல் ஏல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதன் பிறகும் பிரிட்டனிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்குப் போன வெளிர்நிற ஏலின் வழி வந்தது. ஹாப்ஸ் அதிகம் போட்டால் பீர் சீக்கிரம் கெடாது; பல மாதக் கடல் பயணத்துக்கு அது உதவியது. இன்றைய ஐ.பி.ஏ.வில் பயணத்துக்காக ஹாப்ஸ் சேர்ப்பதில்லை, மணத்துக்காகச் சேர்க்கிறார்கள். கிராஃப்ட் பப்பின் பலகையில் பெரும்பாலும் இதற்குத்தான் அதிக இடம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஹாப்ஸை எப்போது போடுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொதியின் தொடக்கத்தில் போட்டால், ஒரு மணி நேரக் கொதியில் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகிவிடும். மண எண்ணெய்கள் ஆவியாகப் போய்விடும். கடைசி ஐந்து நிமிடத்திலோ, பீர் ஆறி நொதித்த பிறகோ போட்டால் நேர்மாறு: கசப்பு குறைவு, மணம் அதிகம். ஒரே பூதான், போடும் நேரத்தைப் பொறுத்து இரண்டு விதமான பீர் கிடைக்கிறது. வெஸ்ட் கோஸ்ட் ஐ.பி.ஏ என்று பலகையில் இருந்தால் தெளிவான பொன்னிறம், பைன் மரத்தின் பிசின் வாசனை, பம்பளிமாஸ் தோல் வாசனை, உறுதியான கசப்பு. ஹேஸி அல்லது நியூ இங்கிலாந்து ஐ.பி.ஏ என்றால் பழச்சாறு மாதிரி கலங்கலாக இருக்கும், மாம்பழமும் ஆரஞ்சும் மணக்கும், கசப்பு தணிந்திருக்கும். ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பதால் வாயில் வழவழப்பும் இருக்கும். ‘கலங்கலாக இருக்கிறதே, கெட்டுப்போனதா?’ என்று சிலர் திருப்பிக் கொடுக்கப் பார்ப்பார்கள். கெடவில்லை, அந்த வகையே அப்படித்தான். கசப்பு பிடிக்காதவர்கள் ஐ.பி.ஏ.வை ஹேஸியில் தொடங்கினால் ஏமாற மாட்டார்கள்.

ஸ்டவுட், போர்ட்டர் இரண்டும் கறுப்புக் குடும்பம். காப்பி, சாக்லேட், லேசான கருகல். கறுப்பாக இருப்பதால் இவை கனமானவை, போதை அதிகமானவை என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. நிறத்துக்கும் வீரியத்துக்கும் சம்பந்தமே இல்லை. உலகப் புகழ் பெற்ற கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான், பல மஞ்சள் பீர்களைவிடக் குறைவு. ஆனால் ஸ்டவுட்டுக்கு முன்னால் ‘இம்பீரியல்’ என்று இருந்தால் நிலைமை வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

சவர், கோஸ, பெர்லீனர் வைஸ இவை புளிப்பு வகைகள். தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் உறவினர்கள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. கோஸயில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்ப்பார்கள். எலுமிச்சை ஜூஸில் உப்புப் போட்டுக் குடித்துப் பழகிய நாக்குக்கு இது சட்டென்று பிடித்துவிடும். பீரே பிடிக்காது என்று சொல்லும் நண்பருக்கு இதில் ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள்.

எண்ணைக் கவனியுங்கள்

வகைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எண், ஏ.பி.வி, அதாவது பீரின் கொள்ளளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆல்கஹால் என்பது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

வழக்கமான பாட்டில் பீர் நான்கிலிருந்து ஐந்து சதவீதம் இருக்கும். கிராஃப்ட் பலகையில் 3இலிருந்து 12 வரை பார்க்கலாம். எல்லாமே பீர் என்ற ஒரே பெயரில் இருப்பதால் உடம்பு ஒரே அளவில் எடுத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. கணக்குப் போடுவது சுலபம்: மில்லிலிட்டரை வீரியத்தால் பெருக்கி நூறால் வகுத்தால், உள்ளே போகும் தூய ஆல்கஹால் எத்தனை மில்லி என்று வந்துவிடும். 568 மில்லி கொள்ளும் பிரிட்டிஷ் பைண்ட் ஒன்றில் 4 சதவீதப் பீர் என்றால் சுமார் 23 மில்லி. 330 மில்லி கொள்ளும் சின்ன கேனில் 9 சதவீத இம்பீரியல் ஸ்டவுட் என்றால் சுமார் 30 மில்லி. கையில் சின்னதாக இருப்பதில்தான் அதிகம் இருக்கிறது. கல்லீரல் சராசரியாக ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 10 மில்லி ஆல்கஹாலைத்தான் அகற்றும், ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும். அப்படியென்றால் அந்தச் சின்ன கேன் உடம்பை விட்டுப் போக மூன்று மணி நேரம் ஆகும். காப்பியோ குளிர்ந்த நீரோ முகம் கழுவுவதோ அதை ஒரு நிமிடம்கூட வேகப்படுத்தாது.

டபுள், இம்பீரியல், டிரிபிள், பார்லிவைன், குவாட் என்ற சொற்கள் பலகையில் இருந்தால் எண்ணை இரண்டாம் முறை பாருங்கள். அநேகமாக எட்டுக்கு மேல் இருக்கும். இவற்றைச் சிறிய கிளாஸில், உட்கார்ந்து, நேரம் எடுத்துத்தான் குடிக்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் ரயில் இருப்பவர் வாங்க வேண்டிய பீர் இதில்லை. செஷன், டேபிள், மைல்ட் என்ற சொற்கள் பெரும்பாலும் நான்கு அல்லது அதற்குக் கீழே. 0.5 சதவீதத்துக்கு மேல் போகாத பீர்களும் இப்போது நன்றாகவே வருகின்றன. அப்படி ஒன்றையாவது குழாயில் வைத்திருக்கும் பப்பை நான் மதிக்கிறேன், குடிக்காத நண்பரையும் அது விருந்தாளியாக நடத்துகிறது.

இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கிராஃப்ட் என்ற பெயரால் ஆல்கஹால் வேறொன்றாக மாறிவிடாது. குடிக்காதவரைக் குடிக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. குடிப்பவர் என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து, குறைவாகவும் நிதானமாகவும் குடிக்கட்டும் என்பதற்காகத்தான்.

கவுண்டரில் என்ன கேட்பது?

குழாய்க்குப் பின்னால் நிற்பவரிடம் பேசத் தயங்காதீர்கள். நல்ல கிராஃப்ட் பப்பில் அவருக்கு அந்தப் பன்னிரண்டு பீரும் தெரிந்திருக்கும், கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார். ‘எது நல்லா இருக்கும்?’ என்று கேட்டால் அவருக்கும் பதில் சொல்வது கஷ்டம். ‘எனக்குக் கசப்பு அதிகம் வேண்டாம், ஐந்து சதவீதத்துக்குள் இருக்கட்டும்’ என்று கேளுங்கள். பலகையில் இருப்பது இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். அப்புறம் அவற்றில் ஒன்றை ஒரு வாய் ருசி பார்க்கலாமா என்று கேளுங்கள். குழாய்ப் பீருக்கு இப்படிச் சின்ன கிளாஸில் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பது பல பப்புகளில் வழக்கம். ஒன்றிரண்டு கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது ஆறு ருசி கேட்பதுதான் மரியாதையில்லை.

வாங்கும்போது பாதி அளவு வாங்குங்கள். பல இடங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளாஸும் உண்டு. மூன்று நான்கு பீரைச் சின்னச் சின்னக் கிளாஸில் ஒரு பலகையில் வரிசையாக வைத்துக் கொடுப்பதும் உண்டு. அதற்கு ஃப்ளைட் என்று பெயர். அதை வாங்கினால் வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பிலும் புளிப்பிலும் முடியுங்கள். இம்பீரியல் ஸ்டவுட்டைக் குடித்துவிட்டுப் பில்ஸ்னருக்கு வந்தால் பில்ஸ்னர் வெறும் தண்ணீராகத் தெரியும். எத்தனை கிளாஸ் இருந்தாலும் மொத்த மில்லியைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெக், காஸ்க் என்று இரண்டு சொற்கள் பலகையிலோ பேச்சிலோ வரும். கெக் என்பது மூடிய உலோகக் கலன், வாயு அழுத்தத்தில் பீர் மேலே வரும். குளிர்ச்சியும் குமிழியும் அதிகம். காஸ்க் என்பது பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றப்படுவது. அது 11இலிருந்து 13 டிகிரி வரையில் வரும், குமிழி மென்மையாக இருக்கும். ‘சூடாக இருக்கிறதே’ என்று முதலில் தோன்றும். அந்தச் சூட்டில்தான் அதன் வாசனை திறக்கும். காஸ்க்கைத் திறந்தால் மூன்று நாளுக்குள் தீர்ந்துவிட வேண்டும், காற்று பட்டுக் கெடும். ஆகவே ஆள் இல்லாத பப்பில் காஸ்க் வாங்காதீர்கள். முப்பது குழாய் வைத்துவிட்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் பப்பைவிட, எட்டுக் குழாய் வைத்துக்கொண்டு அவற்றை வேகமாகத் தீர்க்கும் பப்பில்தான் பீர் நன்றாக இருக்கும். புதிய பப்பை எடைபோட எனக்குத் தெரிந்த சிறந்த வழி இது.

கிளாஸ் கைக்கு வந்ததும் கொஞ்சம் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கச் சுவரில் குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. எண்ணெய்ப் பசையோ சோப்போ இருக்கிறது. சுத்தமான கிளாஸில் குமிழிகள் நேராக மேலே போகும். ஒவ்வொரு வாய்க்கும் நுரை ஒரு வளையமாகச் சுவரில் தங்கிக்கொண்டே இறங்கும். குடித்து முடித்த கிளாஸில் எத்தனை வாய் குடித்தோம் என்று எண்ணிவிடலாம். நுரையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாசனையைத் தூக்கிக்கொண்டு வருவது அதுதான்.

சுவையில் குறை இருந்தாலும் அடையாளம் உண்டு. பாப்கார்ன் வெண்ணெய் வாசனை வந்தால் பீர் முழுதாக முதிரவில்லை, அல்லது குழாய் சுத்தமாக இல்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் பழசாகிவிட்டது. புளிப்பு வகை அல்லாத ஒன்றில் வினிகர் புளிப்பு வந்தால் குழாயில் பாக்டீரியா புகுந்திருக்கிறது. குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். இப்படி இருந்தால் அமைதியாகச் சொல்லுங்கள். நல்ல பப் மாற்றிக் கொடுக்கும். உங்களுக்குப் பிடிக்காத வகையை வாங்கிவிட்டீர்கள் என்றால் அது வேறு விஷயம், அதற்குப் பப் பொறுப்பில்லை. ருசி பார்த்து வாங்கச் சொல்வது அதனால்தான்.

போகும்போது கேன் வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால், முதலில் அதன் அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். ஐ.பி.ஏ.வின் ஹாப்ஸ் மணம் நாள் போகப் போக மங்கிவிடும், அதனால் அடைத்து இரண்டு மூன்று மாதத்துக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள், வீட்டில் குளிர்பெட்டியில் வையுங்கள். இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு அந்த அவசரமில்லை, ஓராண்டு இருட்டில் வைத்தாலும் நன்றாக முதிரும். பாட்டில் என்றால் பழுப்பு நிறக் கண்ணாடியாக எடுங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றமாக மாறும். பச்சை, வெள்ளைக் கண்ணாடிகள் அதைத் தடுப்பதில்லை. ரயில் பெட்டிக்குள் திறக்க அனுமதி உண்டா என்பது ஒவ்வொரு ரயில்வேயிலும் ஒவ்வொரு விதம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீடு போகும்வரை பையிலேயே இருக்கட்டும்.